விருந்தாளி எழுதிய மூன்று வரி

இன்று சாப்பாட்டு மேசையில் மகள் விரல் விட்டு ஒலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடம். ஹைக்கூ எழுத வேண்டுமாம். “ஃபைவ், செவன், ஃபைவ். தட்ஸ் ஆல், அம்மா” என்றாள். அவ்வளவுதானாம்! எனக்குச் சுருக்கென்றது. அலமாரியைக் குடைந்து அந்த ரயில் அட்டவணையை எடுத்தேன். பிரின்ஸ்டன் ஜங்ஷன் வண்டி நேரங்களின் பின்பக்கத்தில் உன் பென்சில் எழுத்து, ஓரத்தில் சாம்பார்க் கறை, நடுவே என் சிவப்பு மசி. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நீ அதை எழுதிய அன்றுதான் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக்கு முதல்முறை வந்தாய். அதுவரை ரயிலில் பக்கத்து இருக்கைச் சிநேகிதி, அவ்வளவுதான். ஒசாகாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள் என்று தெரியும். ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தாய். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்த அட்டவணையைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி, என் பக்கம் நகர்த்தினாய்.

முதல் பனி விழுகிறது
உன் காலணிகளை ஒட்டி
ஈரமாய் என் காலணிகள்

அந்த வருஷம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு நான்தான் ஆசிரியர். கை சும்மா இருக்குமா? மலருக்குத்தான் தருகிறாய் என்று நினைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். “பதினேழு ஒலிதான் இருக்கணும். இருபத்தஞ்சு வருதேடி. தலைப்பு வேற இல்ல” என்று சொல்லி, ‘விழுகிறது’ என்பதை ஒரே இழுப்பில் அடித்தேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “அடிப்பாவி! விருந்தாளி கொண்டாந்த பழத்தைத் தராசுல போடுறியே. இது மலருக்கு இல்லடி, உனக்கு.”

பிறகுதான் விளக்கினாய். ஜப்பானில் அந்தக் காலத்தில் பலர் கூடி உட்கார்ந்து, மாற்றி மாற்றிச் சொல்லும் தொடர்பாட்டு உண்டு. முதல் மூன்று வரி விருந்தாளியுடையது. வந்த வேளையின் பருவம் அதில் தெரிய வேண்டும். பனியோ பூவோ, ஏதாவது. அடுத்த இரண்டு வரியை வீட்டுக்காரர் சொல்வார். அதுதான் வரவேற்பு. பின்னால் அந்த முதல் பாட்டு மட்டும் தொடரை விட்டுத் தனியாக நின்றது. வெகுகாலம் கழித்து அதற்கு வைத்த பெயர்தான் ஹைக்கூ. பதினேழும் அவர்கள் மொழியின் ஒலிக் கணக்கு. அதைத் தமிழில் வைத்து அளந்தது என் அசட்டுத்தனம்.

“நான் எழுதிட்டேன். ரெண்டு வரி நீ சொல்லு” என்றாய்.

“இரு, மலர் வேலை முடியட்டும்” என்றேன்.

மலர் வந்தது. கிரீன் கார்டு வந்தது. ஒய்டூகே கம்ப்யூட்டர் பீதி வந்து போனது. நீ டெக்சஸில் ஆலன் என்ற ஊருக்குக் குடிபோனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனை எடுத்ததும், “என்னடி, என் ரெண்டு வரி?” என்பாய். எழுதிப் பார்க்காமல் இல்லை. ஆசிரியர் புத்தி, எழுதியதையெல்லாம் நானே அடித்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாய். இன்னும் எழுதவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். “விடுடி. பதில் வரலேன்னா அது ஹைக்கூவா ஆயிட்டுப் போகுது” என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. சொத்தையாகவாவது இரண்டு வரி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. உன் வரிகளைப் படித்துக் காட்டி, அந்த வழக்கத்தையும் சொன்னேன். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேர் இஸ் யுவர் பார்ட்?” என்று கேட்டாள்.

அவள் பென்சிலை வாங்கினேன். நான் அடித்த ‘விழுகிறது’வை முதலில் திரும்ப எழுதினேன். பிறகு கீழே என்னுடையதை எழுதினேன். எண்ணிப் பார்க்கவில்லை. இனி உன்னுடையது ஹைக்கூ இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

காபி கலந்துவிட்டேன், உட்கார்
பனி நின்றபின் போகலாம்