இவர் திருப்பி எறிந்த பந்து

ஏப்ரல் 7, செவ்வாய்

விட்பியில் இன்னும் பனித்தூறல். பேஸ்போல் சீசன் தொடங்கி இரண்டாவது கிழமை. எங்கள் அணி இதுவரை பெரும்பாலும் வெற்றி. இந்த முறை கோப்பை எங்களுக்குத்தான். (போன வருடமும் இதையே எழுதியிருக்கிறேன். எழுதினால் என்ன?)

இவர் சோபாவைக் கடந்து போகும்போது: "மூண்டு மணித்தியாலம், ரெண்டு ரன். உது ஒரு விளையாட்டே?" பள்ளிக்கூட அணியில் ஸ்லிப்பில் நின்ற மனுசன். கிரிக்கெட் தவிர மற்றதெல்லாம் இவருக்கு வெறும் பம்பல், பகிடி.

கனடா வந்த புதிதில் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டே ரேடியோவில் பேஸ்போல் வர்ணனை கேட்டுத்தான் எனக்கு இங்கிலிஷ் பிடிபட்டது. அந்த நன்றி இவருக்கு எங்கே விளங்கப்போகிறது.

ஏப்ரல் 11, சனி

தோல்வி. கடைசி இன்னிங்ஸில். குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். இவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

நாளை ஸ்ரேடியம்! பதினோராம் வரிசை. கோட்டுக்கு வெளியே அடிபட்ட பந்து வந்து விழுகிற பக்கம். பிடித்தவருக்கே பந்து சொந்தம். பதினெட்டு வருடமாகப் போகிறேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒருமுறை பக்கத்துச் சீற்றுக்கு வந்தது. நான் குனிந்து கட்லற் தேடிக்கொண்டிருந்தேன். சாக முதல் ஒரு பந்து வேண்டும். கண்ணாடி அலுமாரியில் இடமும் ஒதுக்கியாயிற்று.

கொண்டு போக: கட்லற், தண்ணீர், தொப்பி, கையுறை (மறக்காதே!)

பின்னேரம் மகள் ஆரணி போன். "சொறி அம்மா, எனக்குக் காய்ச்சல். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

இவர்: "ரிக்கெற் வீணாப் போகுதெண்டா வாறன்."

ஏப்ரல் 12, ஞாயிறு

ஸ்ரேடியத்திலிருந்து இப்போதுதான் வந்தோம்.

ரயிலிலேயே பாதிக் கட்லற் முடித்துவிட்டார். முதல் ஐந்து இன்னிங்ஸ் கொட்டாவி. ஆறாவதில் எங்கள் ஆள் அடித்த பந்து சாய்ந்து நேரே எங்களை நோக்கி. கையுறையை நீட்டினேன். எட்டவில்லை. இவர் எழும்பினார். வெறும் கை, ஒற்றைக் கை. பிடித்தார்! ஐயோ, என்ன பிடி! அறுபத்து மூன்று வயதில்! சனமெல்லாம் எழும்பிக் கூக்குரல். நான் அழுகிறேன், அவர் தோளில் அடிக்கிறேன்.

அந்த மனுசன் பந்தை நேரே மைதானத்துக்குள் எறிந்தார். அழகாக, பந்து போடுகிறவன் கைக்கே.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"அவங்களுக்குப் பந்து வேண்டாமோ? எதால விளையாடுறது?"

கிரிக்கெட்டில் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று இவருக்குத் தெரியாது. நானும் சொல்லி வைக்கவில்லை. சொன்னதும் முகம் செத்துப்போயிற்று. நான் கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு இன்னிங்ஸ்.

பிறகு இவர் மெல்ல: "ஆனா நல்ல பிடிதானே?"

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. விக்கல் வரும்வரை இருவரும் சிரிப்பு.

வென்றோம், 6-5.

ஏப்ரல் 13, திங்கள்

நேற்றுக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. ஆரணி: "அம்மா, அப்பா ரீவியில வந்திட்டார்! என்ர ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிளிப் அனுப்பிக்கொண்டே இருக்கினம்." இவர் அதை ஏழு தரம் பார்த்தார். எறிகிற இடம் வந்ததும் ஒவ்வொரு தரமும் நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 18, சனி

வெயில்! ஜாக்கெட் இல்லாமல் வெளியே போன முதல் நாள்.

காலையில் தேத்தண்ணியோடு இவராகவே: "இண்டைக்கு ஆர் பந்து போடுறது?" எனக்குக் காதை நம்ப முடியவில்லை. அடுத்த மாதத்துக்கு இரண்டு ரிக்கெற்றும் வாங்கிவிட்டாராம். அதே வரிசை.

மூன்று மணிக்கு ஆட்டம். வடை சுட வேண்டும். வெளியே கராஜ் கதவில் டொக், டொக். யன்னலால் பார்த்தேன். இவர் ரெனிஸ் பந்தைக் கதவில் எறிந்து, திரும்பி வரும்போது ஒற்றைக் கையால் பிடிக்கிறார். பிடித்த ஒவ்வொரு தரமும் பந்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுப் பழகுகிறார்.