கட்டுநாயக்காவில் கொடுத்த பொட்டலம்

மஹய்யாவ,
கண்டி.
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பிரதீஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் கை கால் எல்லாம் அதது இடத்தில் இருக்கின்றன, பிரஷரும் அடங்கித்தான் இருக்கிறது. கடிதம் எழுதுகிறவர்கள் உன் சுகம் எப்படி என்று ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விடுவார்கள், எனக்கு இந்தத் தடவை அந்த ஒரு வரிதான் முழுக் கடிதமும். பதினேழு நாளாக உன் சுகம் தெரியாமல் இருக்கிறேன் மகன். போன டிசம்பரில் நீ பிரஷர் பார்க்கிற மெஷின் அனுப்பினாயே, அந்தப் பெட்டியை வீசாமல் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, உன் விலாசம் அதில்தான் கிடைத்தது. நீ இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாயா, வாடகைக்கு வேறு யாரும் வந்துவிட்டார்களா, ஒன்றும் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு அழுதது நீதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியவில்லை. உன்னைக் கள்ளன் என்று நினைத்து, வாயில் வந்ததை எல்லாம் சொல்லி ஏசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையில் எழுதி முடித்துவிடலாம், ஆனால் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கு மனசு கல்லாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

இங்கே இரண்டு மாதமாக எல்லோருக்கும் ஒரே பயம். பக்கத்து வீட்டு மஸாஹிராவின் மதினிக்கு மடவளையில் ஒரு கோல் வந்திருக்கிறது. கட்டாரில் இருக்கிற மகனின் அதே குரல். உம்மா, நான் எக்சிடன்ட் பட்டுட்டேன், என்ட போன் ஒடஞ்சு போச்சு, இது கூட்டாளிட நம்பர் என்று அழுதிருக்கிறது. அந்த மனுஷி கை வளையலைக் கழற்றி அடகு வைத்து அனுப்பிய பிறகு பார்த்தால், பெற்ற பிள்ளை கட்டாரில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான். டிவி நியூஸிலும் காட்டினார்கள், ஒருவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதுமாம், மெஷின் அப்படியே பேசுமாம். அதைச் செய்கிற கம்பனிக்காரன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, நாங்கள் நல்லதுக்குத்தான் செய்தோம், கெட்டவன் கையில் போனால் நாங்கள் என்ன செய்வது என்கிறான். கத்தி செய்கிறவனும் அதைத்தான் சொல்வான், ஆனால் அவன் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு கத்தியைப் போட்டுவிட்டுப் போக மாட்டானே. போன் கடை ஸிபான் ஒரு படி மேலே போய், அன்ட்டி, நீங்க பருப்பு வாங்கணும்னு பேசினா போன் அதைக் கேட்டுட்டு பருப்பு விளம்பரம் போடும் என்று சொல்லி வைத்திருக்கிறான். அன்றிலிருந்து மஸாஹிரா மகளின் கலியாணப் பேச்சு வந்தால் போனைக் குசினித் துணியால் மூடிவிட்டுத்தான் பேசுகிறாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்தவள்தான் எல்லோரையும்விடப் பெரிய மடத்தனம் செய்திருக்கிறேன்.

எனக்கு என் காதின் மேல் இருந்த தலைக்கனம் உனக்குத் தெரியும்தானே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் ஹெட்போன் மாட்டியவள். மடுல்கெல்லயிலிருந்து டிரங்க் கோல் வந்தால் ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே எந்தத் தோட்டத்துக் கிளாக்கர் என்று சொல்லிவிடுவேன், ஹேவாஹெட்டக் கடைக்கார முதலாளிக்குத் தடிமன் பிடித்திருந்தால் அவருடைய பெண்சாதிக்கு முன்னால் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம், இனிக் காதை நம்பாதே, குரல் இப்போது எவனும் செய்யலாம் என்று டிவியில் சொன்னார்கள். உங்கள் பிள்ளைக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். நான் அன்றே கேள்வியைத் தயார் பண்ணி வைத்துவிட்டேன்.

அன்று நீ கோல் எடுத்தபோது நம்பர் விழவில்லை. அம்மா, என் போனைக் கம்பனி எடுத்துக்கிட்டாங்க, இது வேற போன் என்றாய். மஸாஹிராவின் மதினிக்குச் சொன்ன அதே பாட்டு என்று எனக்குப் பட்டது. பிறகு, வேலை போச்சும்மா என்று சொல்லி அழத் தொடங்கினாய். உன் அழுகையை நான் பத்து வயசுக்குப் பிறகு கேட்டதே இல்லை, அதனால் மெஷின் கூடுதலாக நடிக்கிறது என்று நினைத்தேன். அடுத்து எப்போது காசு கேட்கப் போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கவே இல்லை, அதையாவது கவனித்திருக்கலாம். நான் சாமர்த்தியமாக, சரி, நீ வெளிநாடு போன அன்று கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் உன் கையில் நான் என்ன கொடுத்தேன் சொல்லு பார்க்கலாம் என்று கேட்டேன். கோயில் விபூதிப் பொட்டலம் என்று நீ சொல்ல வேண்டும். நீயோ, நீங்க வரலயேம்மா என்றாய். நான் சிரித்தேன் மகன். பிடித்துவிட்டேன் என்று சத்தம் போட்டுச் சிரித்தேன். என் மகன் உன்னை மாதிரி அழுகிறவன் இல்லை, இனி எடுத்தால் பொலிஸுக்குப் போவேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அதோடு விட்டேனா? நம்பர் கையில் கிடைத்தால் பாங்குப் புத்தகத்தையும் எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னது நினைவு வந்தது. நேரே ஸிபான் கடைக்குப் போய்ப் புது சிம் போட்டுக்கொண்டு, பழையதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். அவன், பொறுங்க அன்ட்டி, மகனிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க என்றுதான் சொன்னான், நான் கேட்கவில்லை. பிறகு வட்ஸ்அப்பில் உன் நம்பருக்கு எழுதினேன், உன் குரலில் ஒரு கள்ளன் பேசினான், அம்மா பிடித்துவிட்டேன், இது என் புது நம்பர் என்று. நீ படித்துவிட்டு என்னை மெச்சுவாய் என்று காத்திருந்தேன். செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சரி அடையாளம்தான் விழுந்தது, உன்னிடம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமாம். அன்றும் ஒன்று, மறுநாளும் ஒன்று, இன்றைக்கும் அந்த ஒன்றுதான். மஸாஹிரா இந்த லேன் முழுக்க என் கெட்டித்தனத்தைச் சொல்லி வைத்திருக்கிறாள். பாண் வாங்கப் போனால்கூட, கள்ளனைப் பிடித்த அக்கா என்கிறார்கள். உண்மையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியில் மூலையில் சின்னதாகப் போட்டிருந்தது. டொரொண்டோவில் ஒரு கம்பனி, வாடிக்கையாளர் கோலுக்குப் பதில் சொல்கிற எண்ணூறு பேரை ஒரே நாளில் நிறுத்திவிட்டதாம், இனி மெஷின்தான் பதில் சொல்லுமாம். காலையில் வேலைக்குப் போனால் வாசல் கதவு கார்டுக்குத் திறக்கவில்லையாம், ஒரு மணித்தியாலத்துக்குள் போனும் ஈமெயிலும் வெட்டியாயிற்றாம். கம்பனியின் பெயரைப் பார்த்தேன். குளிருக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நீ அனுப்பிய அந்த நீலச் சட்டையின் நெஞ்சில் இருக்கிற பெயர். அதைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்திலும் மெஷின் வந்தது மகன். ஒட்டோமாட்டிக் எக்ஸ்சேஞ்ச் வருகிறது என்று ஆறு மாதத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டுச் சொன்னார்கள், கடைசி நாள் தேத்தண்ணியும் மீன் வைத்த மாலுபணிஸும் தந்தார்கள், எல்லோரையும் நம்பர் விசாரிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள், ஒருத்தியைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. மெஷின் வந்ததுக்காக நான் யாரையும் ஏச மாட்டேன். ஒன்பது வருஷம் வேலை செய்தவனுக்கு முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாதவன் மனுஷனா? அவனுடைய சட்டையை நான் இப்போது போடுவதில்லை, காலையில் குளிரத்தான் செய்கிறது.

அப்போதும் என் மனசு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கம்பனிச் செய்தி கள்ளனுக்கும் தெரிந்திருக்கலாம் அல்லவா? ஆனால் நீங்க வரலயேம்மா என்று சொன்ன விதம் காதை விட்டுப் போகவில்லை. கள்ளனாக இருந்தால் ஏதாவது ஒன்றை ஊகித்துச் சொல்லியிருப்பான். அலுமாரிக்குள் இருக்கிற பிஸ்கட் தகரத்தை எடுத்துக் கொட்டினேன். அப்பாவின் ஆஸ்பத்திரிக் கார்ட் இருந்தது, நெஞ்சுவலி என்று வார்டில் சேர்த்தது 2014 செப்டெம்பர் பதினோராம் திகதி. உன் டிக்கட்டின் போட்டோ கொப்பி அதற்கு அடியிலேயே இருந்தது, பன்னிரண்டாம் திகதி. இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. நான் வார்டில் அப்பாவின் தலைமாட்டில் இருந்திருக்கிறேன். நீ ஒரு பேக்கோடு தனியாக பஸ் ஏறியிருக்கிறாய். விபூதிப் பொட்டலம் கொடுத்தது என் தங்கை மகள் சஞ்சீவனிக்கு, அவள் குவைத்துக்குப் போனபோது, இரண்டு வருஷம் கழித்து. அன்று அவள் உள்ளே போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உன்னைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த நினைப்பு எப்போது உன் பயணமாக மாறியது என்று தெரியவில்லை. கிளினிக் வரிசையில், கோயிலில், பஸ்ஸில் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், என் மகன் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான் என்று. ஒற்றைப் பிள்ளையை வழியனுப்பப் போகாத தாயாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை போல, சொல்லிச் சொல்லி நானே அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. மறந்தது நான்.

பழைய நம்பரைத் திரும்ப எடுக்கலாம் என்று ஸிபான் சொன்னான். போன் கம்பனி ஒபிஸுக்குப் போனேன், நம்பர் அப்பாவின் பெயரில் இருப்பதால் மரணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, இன்னும் என்னவோ கேட்டார்கள், எல்லாம் கொடுத்தும் ஹொட்லைனில் கேளுங்கள் என்கிறார்கள். ஹொட்லைனில் ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. என் மகனுக்குக் கோல் எடுக்க வேண்டும் அம்மா என்று அதனிடம் கெஞ்சினேன், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது. நான் அந்தக் கதிரையில் இருந்த காலத்தில் ஒரு தாய் அப்படிக் கேட்டிருந்தால் டொரொண்டோவையே தோண்டி எடுத்துக் கொடுத்திருப்பேன். உன் ஈமெயில் என்று என்னிடம் இருந்ததும் கம்பனியுடையது, ஸிபான் அனுப்பிப் பார்த்தான், திரும்பி வந்துவிட்டது. சஞ்சீவனியிடமும் உன் பழைய நம்பர்தான் இருக்கிறது. நீயும் எத்தனை தடவை என் பழைய நம்பரை எடுத்தாயோ, இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொல்லியிருக்கும். அம்மா வேண்டுமென்றே வெட்டிவிட்டாள் என்று நினைத்திருப்பாய், அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டில் என் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. புது நம்பருக்கு இதுவரை வந்த கோல் எல்லாம் டேட்டா பெக்கேஜ் வேண்டுமா என்று கேட்பதுதான். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த்தான் எடுக்கிறேன்.

என் புது நம்பரைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். எந்தப் போனிலிருந்தும் எடு, எந்த நேரமும் எடு, நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். இந்தத் தடவை நீ கேள். நான் போன அன்று கட்டுநாயக்காவுக்கு யார் வந்தது என்று கேள். யாரும் வரவில்லை, நீ தனியாகப் போனாய் என்று சொல்வேன். அப்போது இது உன் அம்மாதான் என்று உனக்குத் தெரியும். என் மகன் அழுகிறவன் இல்லை என்று சொன்னேனே, அதை நான் எப்படிக் கண்டேன்? அன்று பஸ்ஸில் நீ அழுதாயா என்று இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அழ வேண்டுமென்றால் அழு, நான் போனை வைக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, கவலையில் வெறும் கோப்பியைக் குடித்துக்கொண்டு இருக்காதே. அங்கே வேறு வேலை கிடைத்தால் இரு, கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் வீட்டுக்கு வா, உன் அறையில் சாமான் ஒன்றும் போடவில்லை. கட்டுக்கலைப் பிள்ளையார் உன் கூடவே இருக்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி அமையட்டும் என்று கும்பிடுகிறேன். கடிதம் கிடைத்ததும் மறக்காமல் எடு.

உன் கோலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அம்மா பரிமளம்

பி.கு.: நீ வருகிறாய் என்றால் திகதியை முன்கூட்டியே சொல். ஸிபானிடம் வேனுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். இந்தத் தடவை கட்டுநாயக்காவுக்கு நான் வருவேன்.