நாலு வரி சரிதான்

அப்பா,

சாப்பாட்டை அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சாயங்காலம் உங்க ஈவினிங் காலேஜுக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க. கிளம்புவீங்கதானே?

நேத்து கத்தினது தப்புதான். லேப்ல நாள் முழுக்க நின்னு கால் கடுத்துப்போய் வந்தேன். உங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுக்க உட்கார்ந்தா, வரலன்னதும் நீங்க விடை பார்க்கக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினீங்க, எனக்குப் பொறுமை போயிடுச்சு. நீங்களும், "இந்த வயசுல எனக்கு இது தேவையா, காலேஜை விட்டு நின்னுடறேன்"னு தாளைக் கசக்கிப் போட்டுட்டீங்க.

அந்தத் தாளைக் குப்பைக்கூடையிலேருந்து எடுத்து, இஸ்திரி போட்டு மேஜையில வச்சிருக்கேன். நாலு வரி சரி. அஞ்சாவதுலதான் மைனஸ் பிளஸ்ஸாயிடுச்சு. எத்தனை வீட்டுக்கு வயரிங் பண்ணியிருக்கீங்க! ஒரு லைட் எரியலன்னா மொத்தத்தையுமா பிடுங்கிப் போடுவீங்க? எங்க கனெக்‌ஷன் விட்டிருக்குன்னு டெஸ்டர் வச்சுத் தேடுவீங்கல்ல, அப்படி வரிவரியாப் பாருங்க. தினம் அஞ்சு கணக்கு போதும்.

விடைப் பக்கம் என் பையில இருக்கு. தேடாதீங்க.

இன்னொண்ணு. நான் காலேஜ் படிச்சப்போ முதல் வருஷக் கணக்குல பாஸ்னு சொன்னேனே, அது பொய். பதினேழு மார்க். மறுபடி எழுதித்தான் தேறினேன். அன்னிக்கே உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க தெருவுல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டிருந்தீங்க.