ஒரு சிட்டிகை ஈயம்

ஐப்பசி, புதன் இரவு. ஸ்ரீரங்கம்.

இன்று எனக்கு வந்த கோபத்தில் காவிரியே கொதித்து, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஆவி பறந்திருக்க வேண்டும்.

அக்கா மகள் கோதை மூன்று வருடமாகக் கரைசலை ஜெல்லாக்கி, உலர்த்தி, சூளையில் சுட்டு, ஈயமே இல்லாத ஃபெர்ரோஎலக்ட்ரிக் நானோ தூள் செய்கிறாள். அதை வில்லையாக்கி அழுத்தினால் மின்சாரம் வரும். இந்த மழை ஈரத்தில் வில்லைகள் உதிர்கின்றன, மின்சாரமும் போதவில்லை. அதற்கு அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னாராம்: "ஒரு சிட்டிகை ஈயம் போடும்மா, மின்சாரம் தானா கூடும். யாருக்குத் தெரியப் போகுது?"

ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'ஈயமற்ற' என்று இருக்கிறது! ஈரேழு லோகத்திலும் இப்படி ஓர் அக்கிரமம் உண்டா? வேட்டியை மடித்துக் கட்டிப் போருக்குப் புறப்பட்டேன்.

"உட்காருங்க மாமா. என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான்."

உட்கார்ந்தேன்.

"அப்போ ஈயம் போடப் போறியா?"

"மாட்டேன். காலையில அவர்கிட்டயே சொல்லிடப் போறேன்."

"நானும் வரேன்டி."

"வாங்க. ஆனா வாசல்லயே நில்லுங்க."

அந்தக் கையெழுத்து கிடைக்காமல் போனால் அவளுடைய மூன்று வருடமும்... பாவி மனுஷன், இந்நேரம் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.