கடல் கொண்டுபோன சப்பாத்து

10.09.2006, ஞாயிறு. மொன்றியல்.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்து இரண்டு நாளாகிறது. சப்பாத்துக் கதை இன்றைக்குத்தான் வீட்டில் வெளிப்பட்டது. அங்கே இருக்கும் மகள் ராணி, தொலைபேசியில் தன் அண்ணன் செல்வனிடம் சொல்லிவிட்டாள்.

நடந்தது இதுதான். நானும் ராணியும் கடலோரப் பாதையில் பழைய மீன்பிடி ஊர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஆன்ஸ்ட்ரதர் என்ற ஊரில் ஒரு மீனவர் தன் வள்ளத்துக்கு வரச்சொல்லிக் கைகாட்டினார். இந்த ஊர்ப் பெயரை வெட்டி வெட்டி இப்போதுதான் சரியாக எழுதினேன். இந்த வயதில் எழுதப் பழகியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! வள்ளத்தில் சப்பாத்தோடு ஏறுவது எங்கள் பழக்கமில்லை. கழற்றித் துறையின் கீழ்ப்படியில் வைத்தேன். நண்டு பிடிக்கும் கூடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், கடல் ஏறி அந்தப் படி தண்ணீருக்குள் போய்விட்டது; சப்பாத்தையும் காணவில்லை. அடுத்த ஊரான கிரெயிலுக்கு நடக்க முடியாமல் பஸ்ஸில் திரும்பினோம்.

செல்வன் விழுந்து விழுந்து சிரித்தான். "கடல்ல வளர்ந்த மனுசன், கடலுக்கே சப்பாத்தைக் குடுத்திட்டு வந்திருக்கிறார்!"

"திருகோணமலைக் கடல் ஒரு முழம்தானேடா ஏறும். அங்க இரண்டு ஆள் உயரம் ஏறுது."

"சரியப்பா. ஆனா அடுத்த வருசம் போகேலாது. வயசு போட்டுது."

எனக்குக் கிரெயிலுக்கு நடந்து போகவேண்டும்.

சாப்பிட்ட பிறகு மருமகள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "மாமா, உங்கட கால் என்ன சைஸ்?"

எட்டு என்றேன். செல்வன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.