ஈரச் சாக்கின் அடியில்

ஜூன் 8

அன்புள்ள அப்பா,

நீங்கள் சிமென்ட் ஆலைக்குத் திரும்பியதிலிருந்து அம்மா சரியாகப் பேசவில்லை. நானும் அம்மாவும் வாடகைப் பட்டறையில் வார்த்த கட்டடக் கல் ஒன்றை உடைத்துவிட்டு, "ஒரு வாரமாச்சு, பிஸ்கட் மாதிரி நொறுங்குது. மாசக் கடைசியில காலி பண்ணிட்டு என்கூட வந்துடுங்க" என்றீர்களே, அதனால்தான்.

அது சிமென்ட் கல் இல்லை அப்பா. ஓட்டுத் தொழிற்சாலை வீசியெறிந்த உடைந்த ஓடுகளின் தூள், சுண்ணாம்பு, மணல். மெதுவாகத்தான் இறுகும். இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்குக்குள் கிடக்க வேண்டும். நூலகப் புத்தகத்தில் மூன்று முறை படித்தேன். நீங்கள் உடைத்தது ஏழாம் நாள்! அதே கலவையில் பதினொன்று மீதி இருக்கின்றன. அவற்றுக்கு இருபத்தெட்டு நாள் முடியும் 27ஆம் தேதிவரை பொறுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 13

வக்கீலம்மா,

மனு கிடைத்தது. இருபது வருடமாகக் கல் சோதிக்கிறவனுக்கே பாடமா? எங்கள் சிமென்ட் ஏழாம் நாளே முக்கால்வாசி பலம் காட்டிவிடும். அந்தக் கணக்கில் பேசிவிட்டேன். சரி, பொறுக்கிறேன். ஆனால் அம்மாவின் முதுகு வலிதான் என் கவலை. இது உன் ஆசையா, அவள் ஆசையா?

அப்பா

ஜூன் 27

அன்புள்ள அப்பா,

உங்கள் கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என் முதுகு என்கூட இருக்கு, பட்டறையும் இருக்கட்டும்னு எழுது" என்றார்.

நடுவில் இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. துணி அலசிய தண்ணீரைச் சாக்கில் ஊற்றிவிட்டு, "முதல்ல கல்லு குடிக்கட்டும், அப்புறம் நமக்கு டீ" என்றார் அம்மா. மதிய இடைவேளையில் நானும் ஓடி வந்து நனைத்தேன்.

இன்று ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல்லுக்கு மேல் பாலம்போல் வைத்தோம். அம்மா ஏறி நின்றார். பிறகு பக்கத்துப் பட்டறை வெல்டர் அண்ணன், "என் எடைய கேட்டு பயந்துடப் போவுது" என்றபடி ஏறினார். பத்து தாங்கின. ஒன்று உடைந்தது. அது ஓரத்தில் இருந்த, சாக்கு காய்ந்துபோன கல். மறைக்க மனம் வரவில்லை.

அதையும் நீங்கள் உடைத்த துண்டுகளையும் அரைத்துப் புதிய கலவையில் சேர்த்துவிட்டோம். அதில் இன்று வார்த்த முதல் கல்லில் யாரையும் ஏறவிட மாட்டேன். அது நீங்கள் சோதிக்க.

உங்கள் மகள்

ஜூலை 1

வக்கீலம்மா,

காலி செய்யவில்லை என்று பட்டறை உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஜூலை 25, இருபத்தெட்டாம் நாள், அங்கே இருப்பேன்.

ஓரத்துச் சாக்கைக் கவனி.

அப்பா