தலைக்குள் விளக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஓட்டுநர் ஓய்வறையில் ஒரு சம்பவம். பழுதான சிக்னலைத் தாண்டிப் போக யாருடைய உத்தரவு வேண்டும் என்று இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், விதி எண்ணோடு பதிலைச் சொன்னேன். ஒருத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா சொன்னது சரிதான்” என்றார்.

கட்டுப்பாட்டு அறைத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள் நான். பதினாறு வருடமாக ரயில் ஓட்டுகிறேன். கை ஓட்டிக்கொள்ளும். ஆனால் எல்லா ரயிலையும் ஓரிடத்தில் உட்கார்ந்து நடத்துகிற அந்த நாற்காலிக்கு முந்நூறு விதி மனப்பாடமாக இருக்க வேண்டும். போன வருடம் நேர்முகத்தில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

இப்போது பாருங்கள். எல்லாம் அந்தப் பச்சை டப்பா ஞாபகசக்தி மாத்திரை செய்கிற வேலை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. தலைக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல்செட் செய்கிறவர். முன்னறைதான் பட்டறை. யாருடையதோ மேல்வரிசைப் பல்லை உரசிக்கொண்டே சொன்னார்: “பல்லு போனா நான் செஞ்சு தரேன். மூளைக்கும் ஆள் வந்தாச்சா? பிழைச்சோம்.”

கிண்டல். இருக்கட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

டப்பாவில் இருந்த எண்ணுக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். இன்று அந்த நிறுவனத்துப் பெண்ணே வீட்டுக்கு வந்துவிட்டாள். சீருடையோடு நான் பேச வேண்டுமாம், படம் எடுக்க வேண்டுமாம். வருடம் முழுக்க மாத்திரை இலவசமாம்.

“மேடம், உங்க முகத்துல ஒரு தெளிவு இருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மூன்றாவது முறை படம் பிடித்தபோது சரியாக வந்தது. “நாற்பத்திநாலு வயசுல என் மூளைக்கு வயசு குறைஞ்சிடுச்சு” என்றேன். அந்த வரி என்னுடையதுதான், அவள் எழுதிக் கொடுத்ததல்ல.

பிப்ரவரி 26, புதன்

பணிமனை முழுக்க என் படம்தான் சுற்றுகிறது. பயணச்சீட்டு அறையில் இருக்கும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் சிடுசிடுக்கும் மேலாளர் வணக்கம் சொல்கிறார். நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். மருத்துவமனையில் மருந்தாளுநர். டப்பாவைக் கையில் எடுத்து, ஏதோ துப்பறிகிறவன் மாதிரி பின்பக்கத்தைப் படித்தான்.

“அக்கா, இது நல்லா வேலை செய்யுதா?”

“செய்யுது. படம் பார்த்தல்ல?”

“பார்த்தேன். அதான் வந்தேன்.”

அப்புறம் பிரசங்கம். உடம்பில் ஏதாவது சத்து நிஜமாகவே குறைந்திருந்தால் அதைக் கொடுத்தால் தெளிவு வருமாம். நல்லபடியாக இருப்பவர்களுக்கு இந்த மாதிரி மாத்திரையால் அறிவு கூடியது என்று உறுதியாகக் காட்டுகிற ஆய்வு எதையும் அவன் பார்க்கவில்லையாம். “காபி தூக்கத்தைத் தள்ளி வைக்கும். அதுக்காக காபி குடிச்சவன் எல்லாம் மேதாவியா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. “நான் என் தலையைச் சொல்றேன், நீ ஊரான் ஆய்வைச் சொல்றே! எனக்கு வித்தியாசம் தெரியுதுடா!”

“தெரியுதுன்னா கண்டுபிடிச்சிடுவே இல்ல? சோதிச்சுப் பார்ப்போமா?”

அவனோடு வேலை செய்யும் தோழி இரண்டு புட்டிகள் கட்டித் தருவாளாம். ஒன்றில் என் மாத்திரைக்குள் இருக்கும் தூள். இன்னொன்றில் வெறும் சோள மாவு. மாத்திரைகள் பார்க்க ஒன்றாக இருக்கும், புட்டியின் மூடி மட்டும் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. எது எது என்று எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. ஒரு வாரம் இது, மறுவாரம் அது. தினமும் வீட்டுக்காரர் விதிப்புத்தகத்தில் புதிதாக இரண்டு பக்கம் குறித்துக் கொடுத்து, மறுநாள் இருபது கேள்வி கேட்க வேண்டும்.

“நான் தயார். அவ படிக்கிறாளோ இல்லையோ, நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போற அளவுக்கு ஆயிடுவேன்” என்றார் வீட்டுக்காரர்.

ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொள்ளக்கூடாது? தோற்கப்போவது அவன்.

மார்ச் 12, புதன்

சிவப்பு மூடி வாரம் முடிந்து வெள்ளை மூடி தொடங்கியாயிற்று. சந்தேகமே இல்லை. சிவப்புதான் மாத்திரை. போட்ட அரைமணியில் விளக்கு எரிகிறது. வெள்ளையில் மந்தம், கொட்டாவி. தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சரி” என்று மட்டும் சொன்னான்.

மார்ச் 22, சனி

மறுபடி சிவப்பு. இன்று இருபதுக்குப் பத்தொன்பது! வீட்டுக்காரர் பல் அச்சைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். சும்மா கைதட்டுகிற ஆள் இல்லை அவர்.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுத நேரமில்லை. பணி, வீடு, விதி. காய் நறுக்கும்போதுகூட வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கத்துகிறார்: “சுரங்கத்துல புகை! முதல்ல யாருக்குச் சொல்லணும்?” பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றோடு சோதனை முடிந்தது. தம்பி வந்தான். வீட்டுக்காரர் மதிப்பெண்களை வாசித்தார். முதலில் பன்னிரண்டு, பதிமூன்று. கடைசியில் பதினேழு, பதினெட்டு. இரண்டு மூடியிலும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சிவப்பு ஒரு மயிரிழை மேலே.

“நான்தான் சொன்னேன்ல?” என்றேன்.

தம்பி தோழியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கைபேசியை மேசைமேல் வைத்தான்.

“சிவப்பு மூடி சோள மாவுங்க” என்றாள் அவள்.

“நல்லா ஞாபகம் இருக்கா உனக்கு?” என்று கேட்டேன். “நான்தாங்க கட்டினேன்” என்றாள் பாவம்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்போ எனக்கு எரிஞ்ச விளக்கு? அரைமணியில வந்த தெளிவு? நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்? ஊரே பார்க்க சீருடை போட்டுக்கிட்டு, மூளைக்கு வயசு குறைஞ்சிடுச்சுன்னு— சே.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையெல்லாம் வெள்ளைத் தூள்.

“ஒண்ணு கேட்கிறேன். சோள மாவைத் தின்னுட்டு பத்தொன்பது வாங்கினது யாரு? சோளமா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“கேட்டது நான். சொன்னது நீ. இடையில வேற யாரையும் நான் பார்க்கலை.”

அவர் போன பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்கு வந்தவள் இதே ஆள்தான். இரண்டு முறை தேறாதபோது ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதனால்தான் ஏறியதும் வேறு யாருக்கோ போய் நன்றி சொல்லியிருக்கிறேன்.

அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை மாதிரித் தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பயணச்சீட்டு அறைப் பெண் இன்று சந்தோஷமாக ஓடி வந்தாள். மகளுக்குப் பரீட்சை வருகிறதாம். “உங்க பேச்சைக் கேட்டுத்தான் அந்த மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நம்ம அக்கா பொய் சொல்ல மாட்டாங்கன்னு.”

அங்கேயே, வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. “அப்போ என் பொண்ணு?” என்றாள்.

“சாயங்காலம் கூட உட்கார்ந்து கேள்வி கேளு. அதுதான் எனக்கு நடந்துச்சு.”

நிறுவனத்துப் பெண்ணை அழைத்து, படத்தை நீக்கச் சொன்னேன். முதலில் சர்க்கரையாகப் பேசினாள். “ஒரு ஆள் வீட்டுல பண்ற சோதனையெல்லாம் கணக்குல வராது மேடம்.”

“ஒரு ஆள் சோதனை கணக்குல வராதுன்னா, ஒரு ஆள் சாட்சி மட்டும் எப்படிம்மா வரும்?”

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். எனக்கே ஆச்சரியம். இவ்வளவு சட்டென்று பேசுகிறவளா நான்? போன வருடம் நேர்முகத்தில் இந்த வாய் எங்கே போயிருந்தது?

மே 3, சனி

படத்தை அவர்கள் நீக்கவில்லை. எனவே நானே இன்னொன்று எடுத்தேன். அதே சீருடை. வீட்டுக்காரர் கைபேசியைப் பிடித்தார். சோதனை, மூடிகள், மாவு, எல்லாம் சொன்னேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

தம்பியிடமிருந்து ஒரே வரி: “இப்போ உன் தம்பின்னு பெருமையா சொல்லிக்கலாம்.”

மே 10, சனி

பணிமனையில் சிரிக்கிறார்கள். ‘சோள மாவு அக்கா’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சிரிப்பவர்களில் இரண்டு பேர் சாப்பாட்டு இடைவேளையில் வந்து, எங்களையும் கேள்வி கேளுங்கள் என்கிறார்கள்.

மே 15, வியாழன்

தேர்வு.

உள்ளே போகுமுன் ஒரு கணம் பயம் கவ்வியது. மாத்திரை இல்லை, மாவுகூட இல்லை. நான் மட்டும். மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுரங்கத்தில் புகை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் போதும் என்று கையைக் காட்டும்வரை நிறுத்தவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தேறிவிட்டேன். முதலிடம்.

வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து அச்சு வைத்த நிலையில் பாவம் அவர்கள் ஆமாம் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெருமழை. கட்டுப்பாட்டு அறையில் தனி மேசை கிடைத்த முதல் வாரமே இப்படி. மாலை நெரிசலில் ஒரு ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஜனம். பின்னாலேயே இன்னொரு ரயில். ஓட்டுநர் புதியவர், குரலில் பதற்றம். “பக்கத்துல நான் இருக்கிறதா நினைச்சுக்கோங்க. சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா செய்யுங்க” என்றேன். பின்னால் வந்ததை நிறுத்தி, மின்சாரத்தைச் சரிபார்க்கச் சொல்லி, அவரைப் படிப்படியாக அடுத்த நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அதன்பிறகுதான் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். வரிசை பிசகவில்லை.

அறையின் தலைமை அதிகாரியும் எட்டிப் பார்த்தார். தன் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மீதி நேரம் முழுக்க அறை என் பொறுப்பு.

தேநீர் ஆறிப்போயிருந்தது. திரையைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.